ஆள் கணக்கும் வேலை வரிசையும்



இந்தக் கருத்தரங்குக்கு வந்த இன்றைய நாளை டைம்ஷீட்டில் எந்தக் கணக்கில் காட்டுவது என்ற கவலை, மென்பொருள் நிறுவனங்களிலிருந்து அனுமதி பெற்று வந்து பின்வரிசையில் இருக்கும் சிலருக்கு இருக்கலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ப்ராஜெக்ட் தேவையையும் ஆள் இருப்பையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளை நிறுவனங்கள் ஆசையோடு வாங்குகின்றன. ஆளுக்கொரு எக்செல் தாள் வைத்து அல்லாடியவர்களுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் அதற்குள் என்ன போகிறது? வெள்ளிக்கிழமை மாலை டைம்ஷீட்டை நிரப்பச் சொல்லி நினைவூட்டல் மின்னஞ்சல் வரும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 என்று எல்லாரும் நிரப்பிவிட்டுக் கிளம்புவார்கள். உண்மையில் ஒருவர் 50 மணி நேரம் உழைத்திருப்பார், இன்னொருவர் 30. கூடுதலாக எழுதினால் மதிப்பீடு ஏன் தப்பியது என்று மேலாளர் கேட்பார். குறைத்து எழுதினால் ப்ராஜெக்ட் இல்லாமல் ‘பெஞ்சில்’ உட்கார நேரும். நாற்பதே பாதுகாப்பான எண்.

மேலாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஒப்பந்தம் கையெழுத்தாகாத ப்ராஜெக்ட்டுக்குத் திறமையான நாலு பேரை ‘சாஃப்ட் புக்கிங்’ போட்டு வைத்துக்கொள்வார்கள், பக்கத்து அணி தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று. திரையில் ஒருவரும் ஓய்வாக இல்லை. அலுவலகத்தில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன். பயத்தை வைத்துக்கொண்டு கணக்குக் கேட்டால் இப்படித்தான் கணக்கு வரும்.

இதைவிடப் பெரிய கோளாறு, அந்தத் திரையில் நாம் எதைத் தேடுகிறோம் என்பது. வாங்கியதும் தலைமை கேட்கும் முதல் கேள்வி: ஆட்களின் பயன்பாடு எத்தனை விழுக்காடு? நூறை நெருங்கினால் மகிழ்ச்சி. இந்த மகிழ்ச்சி தவறு என்பதற்குக் கணிதமே சாட்சி.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங், அழைப்பு நெரிசல் பற்றி 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய மாதிரியைப் பாருங்கள். வேலை செய்பவர் ஒருவர். வேலைகள் நேரம் காலம் பார்க்காமல் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் வேறு வேறு. அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், ஒரு வேலையைச் செய்ய ஆகும் சராசரி நேரத்தைப் போல் 4 மடங்கு அது காத்துக்கிடக்கும். 90 என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. நிஜ அணிகளில் எண்கள் மாறும். வளைவு செங்குத்தாக ஏறுவது மாறாது.

அதே கோட்பாட்டில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இன்னும் எளிது. மாதம் 5 வேலைகளை முடிக்கும் துறையில் 30 வேலைகள் தேங்கியிருந்தால், புதிதாக வருவது வெளியேறச் சராசரியாக 6 மாதம் ஆகும். எந்த மென்பொருளும் இதை மாற்றாது. காட்ட மட்டுமே முடியும். ஆறு மாதத்தை இரண்டாக்க வேண்டுமானால் இருபது வேலைகளை யாராவது நிறுத்த வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்று தீர்மானிக்காமலே பல நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆள் சேர்த்தால் ஆகாதா என்பீர்கள். ஐபிஎம் சிஸ்டம்/360இன் இயங்குதள உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்ப்பது தாமதத்தைக் கூட்டும் என்று 1975லேயே எழுதிவிட்டார். 5 பேருக்குள் 10 பேச்சுத் தொடர்புகள். 10 பேர் ஆனால் 45. திரையில் இரண்டு பெயரை இழுத்துப் போடுவது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு ஆபத்து.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். நீங்கள் ஆராய்ந்த நிறுவனத்தில் டைம்ஷீட் தரவு ஊதிய உயர்வு மதிப்பீட்டுக்குப் போகிறதா என்று முதலில் சொல்லிவிடுங்கள்; போகிறது என்றால் அந்த எண்களை நாங்கள் வேறு கண்ணோடு பார்ப்போம். அடுத்து, மென்பொருள் வந்த பிறகு எத்தனை வேலைகள் மறுக்கப்பட்டன, மறுத்தவர் எந்தப் பதவியில் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.