அத்தாவை உட்கார வைக்காதீர்கள்

 

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் பெரியவர்கள் பலர் உணவகங்களில் அடுப்புப் புகைக்கும் சிகரெட் புகைக்கும் நடுவே உழைத்தவர்கள். எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்ததே 2019 ஜனவரி 1 அன்றுதான். அந்தப் புகை சிலருக்கு நாள்பட்ட நுரையீரல் நோயாக மிஞ்சியிருக்கிறது.

இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும். கால் தசைக்கு வலுவூட்டாது. அதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. பொதுவாக வாரம் இரண்டு முறை, 6 முதல் 8 வாரம். நடை, தசைப்பயிற்சி, உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடுதல், இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துதல் எல்லாம் கற்றுத் தருவார்கள்.

ஆனால் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கூட்டிப்போக ஆள் இருப்பதில்லை. வீட்டாரின் பாசமும் ஒரு காரணம். “மூச்சு வாங்குது, உட்காருங்க அத்தா” என்கிறோம். உட்கார உட்காரத் தசை தளரும். தளர்ந்த தசையோடு நாலடி நடந்தாலும் மூச்சு இன்னும் வாங்கும்.

கோலாலம்பூர் ஜாலான் பஹாங் சுவாச மருத்துவக் கழகமோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ, எங்கே சிகிச்சை பெற்றாலும் பயிற்சிக்குப் பரிந்துரை கேட்போம். கூட்டிப்போக வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். ரமலானுக்கு முன்பே மருந்து நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவோம். அவர் சொன்ன அளவில், அத்தாவோடு நாமும் தினமும் நடப்போம், இன்ஷா அல்லாஹ்.