அல்ஜீரியா: வாக்குப் பெட்டியும் துப்பாக்கியும்

(இளைஞர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சூரியன் மறைந்ததும் நாம் தொழும் தொழுகைக்கு மக்ரிப் என்று பெயர். அதே பெயரில் ஒரு பூமி இருக்கிறது. சூரியன் மறையும் திசையில் இருப்பதால் வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியை அரபிகள் மக்ரிப் என்றே அழைத்தார்கள். அந்தப் பூமியின் நடுவில், பரப்பளவில் ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய நாடாக இருப்பதுதான் அல்ஜீரியா. அந்நியனை விரட்ட உயிரைக் கொடுத்த ஒரு மக்கள் கூட்டம், விரட்டிய பிறகு ஏன் கண்ணீர் வடித்தது? இன்றைய உரை இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

கடனில் தொடங்கிய அடிமைத்தனம்

வியாபாரிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1790களில் பிரான்சில் புரட்சியும் போரும் பஞ்சமும் ஒன்றாக வந்தன. அப்போது அல்ஜியர்ஸிலிருந்து வணிகர்கள் மூலமாகக் கடனுக்குக் கோதுமை போனது. சாப்பிட்டு முடித்த பிரான்சு காசு கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் இழுத்தடித்தது. 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுஸைன் தே, பிரெஞ்சுத் தூதரிடம் இது பற்றிக் கேட்டார். மரியாதையான பதில் வராத கோபத்தில் கையிலிருந்த ஈ விரட்டும் விசிறியால் தூதரைத் தட்டினார். அதைப் பெரிய அவமானமாக்கி, துறைமுகத்தை முற்றுகையிட்டது பிரான்சு. 1830 ஜூன் 14 அன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் கரையிறங்கினார்கள். ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவனின் வீட்டையே பறித்துக்கொண்ட கதை இது!

வக்ஃபு சொத்துக்கள் பறிபோயின. அல்ஜியர்ஸின் புகழ்பெற்ற கெச்சாவா பள்ளிவாசல் 1832இல் தேவாலயமாக மாற்றப்பட்டது. வளமான நிலங்கள் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களுக்குப் போயின. 1865இல் ஒரு சட்டம் வந்தது. முஸ்லிம் ஒருவர் முழுப் பிரெஞ்சுக் குடிமகனாக வேண்டுமானால் ஷரீஅத் தனியார் சட்டத்தைக் கைவிட வேண்டும் என்றது அது. நிலத்தைப் பறித்தவன் ஈமானுக்கும் விலை பேசினான். அந்த விலைக்கு இணங்கியவர்கள் மிகச் சிலரே.

வாளிலும் நீதி தவறாதவர்

1832இல் ஓர் இளைஞரிடம் மக்கள் பைஅத் செய்தார்கள். வயது இருபத்து நான்கு இருக்கும். தந்தை முஹிய்யித்தீன், மகன் அப்துல் காதிர். நம் ஊர்த் தெருக்களில் அன்றாடம் கேட்கும் பெயர்கள்தாம். அமீர் அப்துல் காதிர் 15 ஆண்டுகள் போரிட்டார். 1847இல் ஆயுதத்தைக் கீழே வைத்தபோது, கிழக்கே ஒரு முஸ்லிம் நாட்டுக்கு அனுப்புவதாகப் பிரான்சு வாக்குக் கொடுத்தது. பிறகு அந்த வாக்கை மீறி 1852 வரை பிரான்சிலேயே சிறை வைத்தது.

அதே மனிதர் 1860இல் டமாஸ்கஸில் என்ன செய்தார் தெரியுமா? கிறிஸ்தவர்களுக்கு எதிராக அங்கே கலவரம் மூண்டது. அமீர் தம் ஆட்களுடன் தெருவில் இறங்கி, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காப்பாற்றித் தம் இல்லத்தில் அடைக்கலம் கொடுத்தார். அவரைச் சிறை வைத்த பிரான்சே பிறகு அவருக்கு உயர்ந்த விருதை அனுப்பியது. தமக்கு அநீதி இழைத்தவர்களின் மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக அப்பாவிகள் மீது அவர் பழி தீர்க்கவில்லை. இந்த ஒழுக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

ஓர் ஆலிம் கட்டிய அடித்தளம்

1930இல் பிரான்சு தன் ஆக்கிரமிப்பின் நூற்றாண்டு விழாவை ஆடம்பரமாகக் கொண்டாடியது. அல்ஜீரியா இனி எங்களுடையதே என்று நினைத்தது. மறு ஆண்டு, 1931இல், அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கம் பிறந்தது. அதன் தலைவர் ஷைக் அப்துல் ஹமீத் இப்னு பாதீஸ், துனீசியாவின் ஸைத்தூனாவில் ஓதியவர். அவர் கையில் எடுத்த ஆயுதம் கரும்பலகை! ஊர் ஊராக மதரஸாக்கள் தோன்றின. எண்ணிக்கை காலப்போக்கில் நூற்றைத் தாண்டியது. பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி கொடுத்தார். பத்திரிகை நடத்தினார். எங்கள் மார்க்கம் இஸ்லாம், எங்கள் மொழி அரபு, எங்கள் தாய்நாடு அல்ஜீரியா என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்தார்.

1940 ஏப்ரல் 16 அன்று அவர் மறைந்தார். சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த நாளைத்தான் அல்ஜீரியா அறிவு நாளாகக் கொண்டாடுகிறது. 1945 மே 8 அன்று இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா வெற்றி விழா எடுத்தபோது, ஸத்தீஃப் நகரில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் சுடப்பட்டார்கள். தொடர்ந்து நடந்த வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அல்ஜீரியா சொல்லும் கணக்கு 45,000. 1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கியது. ஏழரை ஆண்டுகள் நடந்த போரில் 15 லட்சம் பேர் ஷஹீதானதாக அந்நாட்டு அரசு சொல்கிறது. 132 ஆண்டு அடிமைத்தனம் 1962 ஜூலை 5 அன்று முடிந்தது. கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலானது.

வெளியே பெருமை, உள்ளே பூட்டு

சுதந்திர அல்ஜீரியா உலக அரங்கில் நிமிர்ந்து நின்றது. 1971இல் தன் எண்ணெய், எரிவாயுவைப் பிரெஞ்சுக் கம்பெனிகளிடமிருந்து மீட்டது. 1973இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைத் தலைநகரில் நடத்தியது. நம் நாட்டிலிருந்து இந்திரா காந்தி சென்று கலந்துகொண்டார். 1981இல் ஈரானில் பிடிபட்டிருந்த 52 அமெரிக்கர்கள் விடுதலையாக நடுவராக இருந்து உதவியது. 1988 நவம்பரில் யாசிர் அரஃபாத் பாலஸ்தீன நாட்டைப் பிரகடனம் செய்ததும் அல்ஜியர்ஸில்தான்.

வெளியே இவ்வளவு பெருமை. உள்ளே? முதல் அதிபர் அஹ்மது பின் பெல்லாவை 1965இல் இராணுவத் தளபதி பூமதீன் கவிழ்த்தார். ஒரே கட்சி ஆட்சி. அதற்குப் பின்னால் இராணுவம். நாட்டை விடுவித்தவர்கள், நாட்டுக்குக் கணக்குக் காட்ட மறுத்தார்கள். ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயும் எரிவாயுவும்தான். ஒரே சரக்கை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. 1988 அக்டோபரில் வேலையில்லா இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் பிறகே 1989இல் பல கட்சி முறை வந்தது.

மூடப்பட்ட பெட்டி

அந்த ஆண்டே இஸ்லாமிய மீட்பு முன்னணி உருவானது. தலைவர்கள் அப்பாஸ் மதனி, அலீ பல்ஹாஜ். 1990 உள்ளாட்சித் தேர்தலில் பெரும் வெற்றி. 1991 ஜூனில் தலைவர்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள். அப்படியிருந்தும் டிசம்பர் 26 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றிலேயே 430 இடங்களில் 188ஐ முன்னணி வென்றது. இரண்டாம் சுற்று நடந்ததா? நடக்கவே இல்லை! 1992 ஜனவரி 11 அன்று இராணுவத்தின் நெருக்குதலில் அதிபர் ஷாதுலி பதவி விலகினார். தேர்தல் ரத்தானது. கட்சி தடை செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஸஹாராப் பாலைவன முகாம்களில் அடைக்கப்பட்டனர். உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் மேற்கத்திய அரசுகள் இதைப் பெரிதாகக் கண்டிக்கவில்லை.

இது அநீதி. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் சகோதரர்களே, பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. அலீ பல்ஹாஜ் ஜனநாயகத்தையே மார்க்கத்துக்கு முரணானது என்று மேடைகளில் பேசினார். ஏணியில் ஏறும்போதே ஏணியைப் பழிப்பவனைக் கண்டு மற்றவர்கள் பயப்பட மாட்டார்களா? 1990இல் கிடைத்ததைவிட 1991இல் அக்கட்சிக்குச் சுமார் பத்து லட்சம் வாக்குகள் குறைந்தன. மக்கள் எடை போட்டுக்கொண்டே இருந்தார்கள். இராணுவம் அந்தத் தராசையே பிடுங்கி எறிந்தது.

பிறகு வந்ததுதான் கறுப்புப் பத்தாண்டு. ஆயுதக் குழுக்கள் புறப்பட்டன. ஜிஐஏ என்ற குழு பத்திரிகையாளர்களையும் ஆசிரியர்களையும் வெளிநாட்டினரையும் கொன்றது. ஷைக் முஹம்மது பூஸ்லிமானி என்ற மார்க்க அறிஞர், கொலைகளை நியாயப்படுத்தி ஃபத்வா தர மறுத்ததற்காக 1993இல் கடத்தப்பட்டு, பின்னர் கொல்லப்பட்டார். 1997இல் ரயிஸ், பின் தல்ஹா கிராமங்களில் இரவோடு இரவாக நூற்றுக்கணக்கில் பெண்களும் குழந்தைகளும் அறுக்கப்பட்டனர். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் கலிமாச் சொன்னவர்கள்! மறுபுறம் பாதுகாப்புப் படைகள் பிடித்துச் சென்ற ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. மொத்த உயிரிழப்பு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

இதனால் இலாபம் அடைந்தவர் யார்? வாக்குப் பெட்டியை மூடியவர்கள்தாம்! "பார்த்தீர்களா, இவர்களிடமா நாட்டைக் கொடுப்பது?" என்று கேட்க அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. டமாஸ்கஸில் அடுத்த மதத்தவரைக் காத்த அமீர் எங்கே, பின் தல்ஹாவில் சொந்த சமுதாயத்தையே அறுத்தவர்கள் எங்கே?

மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை

1999இல் அதிபரான பூதஃப்லீக்கா பொது மன்னிப்பு வழங்கினார். 2005இல் சமாதான சாசனம் வந்தது. இரத்தம் நின்றது. ஆனால் காணாமல் போனவர்களின் தாய்மார்களுக்கு நீதி கிடைக்கவில்லை. விசாரணையின் கதவு சட்டத்தாலேயே சாத்தப்பட்டது. பக்கவாதத்தால் முடங்கிய அதே அதிபரை ஐந்தாம் முறையும் நிறுத்த முயன்றபோது, 2019 பிப்ரவரி 22 வெள்ளிக்கிழமை, மக்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அவர்களின் முழக்கம் "சில்மிய்யா", அதாவது அமைதி வழி. பல கொள்கையினரும் ஒன்றாக நடந்தார்கள். ஆறே வாரத்தில், ஏப்ரல் 2 அன்று, இருபது ஆண்டு அதிபர் பதவி விலகினார். பத்தாண்டுத் துப்பாக்கியால் முடியாததை ஆறு வெள்ளிக்கிழமைகள் செய்தன!

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு டிசம்பரில் தெப்பூன் அதிபரானார். போராளிகள் பலர் சிறை சென்றார்கள். இராணுவத்தின் பிடி தளரவில்லை. வெளியுறவிலும் அதே இரட்டை முகம்தான். 2024 ஏப்ரலில் பாலஸ்தீனத்துக்கு ஐ.நா. முழு உறுப்புரிமை கேட்டுப் பாதுகாப்புச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தது அல்ஜீரியா. 12 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா வீட்டோ செய்தது. பாலஸ்தீனத்துக்காக அப்படிக் குரல் கொடுத்த நாடு, பக்கத்து மொராக்கோவோடு 1994இலேயே எல்லையை மூடிவிட்டது. 2021இல் தூதரக உறவையும் முறித்துக்கொண்டது.

இளைஞர்களே! அநீதியைக் கண்டு உங்கள் இரத்தம் கொதிப்பது இயல்பு. ஆனால் கோபத்தை விலைக்கு வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் அதை விற்காதீர்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அநீதியை நீதிமன்றத்தில், வீதியில், அமைதியாக எதிர்கொள்ளுங்கள். வியாபாரப் பெருமக்களே! உங்கள் ஸதகாவில் ஒரு பங்கு ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் போகட்டும். இப்னு பாதீஸ் தொடங்கியது ஒரு வகுப்பறையில்தான்.

அல்லாஹ் நமக்குப் பொறுமையையும் தெளிவையும் தந்தருள்வானாக.