தொட்டியில் நல்ல தண்ணீர், கடைசிக் குழாயில் சாக்கடை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. எங்க தெருவுல குடிநீர் கெட்டுப்போனப்ப ஊராட்சி என்ன செஞ்சது, நாங்க என்ன செஞ்சோம், இதை எல்லாக் குழுவும் தெரிஞ்சுக்கணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிக்கிறேன்.

புரட்டாசி மாசம் நாலு நாள் விடாம மழை. அஞ்சாவது நாள் எங்க தெருவுல பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு ஆரம்பிச்சது. அடுத்த நாள் பெரியவங்களுக்கும் வந்துச்சு. ஒரு பாட்டியைக் கைத்தாங்கலா ஆட்டோவுல ஏத்தி, பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க. என் சின்னவளும் சோர்ந்து சுருண்டு படுத்துட்டா.

ஊராட்சி சும்மா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடா உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்தாங்க. மருத்துவ முகாம் போட்டாங்க. சாக்கடை ஓரமா கோலம் போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவினாங்க. டிராக்டர்ல தண்ணி வந்துச்சு. ஆனா தண்ணி எங்க கெட்டுச்சுன்னு கேட்டப்ப வந்த பதில்தான் எங்களுக்கு வலிச்சது. "தொட்டித் தண்ணியைச் சோதிச்சாச்சு, நல்லா இருக்கு. நீங்க குடத்தை ஒழுங்கா கழுவுங்க"ன்னு சொன்னாங்க. புளி போட்டு, சாம்பல் போட்டு தினமும் குடம் தேய்க்கிற பொம்பளைங்ககிட்ட சொன்ன பதில் அது.

அந்த வாரக் குழுக் கூட்டத்துல கடன் பேச்சை ஒதுக்கி வச்சோம். தீர்மான நோட்டுல பின்பக்கம் மூணு கட்டம் போட்டோம். யார் வீட்டுல உடம்பு சரியில்லை, எந்தக் குழாய்த் தண்ணி, எந்தத் தேதியிலிருந்து. ரெண்டு பேர் வீடு வீடாப் போய் எழுதினாங்க. பதினொரு வீடு வந்துச்சு. பதினொண்ணும் சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு வீடுகூட இல்லை. தொட்டி ஒண்ணுதான், தண்ணி விடுற ஆளும் ஒருத்தர்தான். அப்ப கோளாறு தொட்டியிலும் இல்லை, குடத்திலும் இல்லை, சிறுபாலத்துக்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சது.

நோட்டை எடுத்துக்கிட்டுத் தொட்டி ஆபரேட்டர் அண்ணன்கிட்ட போனோம். அவர்தான் விளக்கிச் சொன்னார். சாக்கடை கட்டினப்ப குடிநீர்க் குழாயை மாத்தாம, சாக்கடைக்குள்ளேயே விட்டுட்டாங்க. இணைப்புல வெடிப்பு. தண்ணி ஓடுற நேரம் அந்த வெடிப்பு வழியா வெளியே கசியும். தண்ணியை நிறுத்தினதும் குழாய் காலியாகும். அப்ப வெளியில தேங்கி நிக்கிற சாக்கடைத் தண்ணி அதே வழியா உள்ளே போயிடும். மறுநாள் முதல்ல வர்ற குடத்துல அதுதான் வரும். வீட்டு மோட்டாரை நேரா குழாயில மாட்டி உறிஞ்சினா இன்னும் வேகமா உள்ளே இழுக்கும். இத்தனை வருஷம் தொட்டி ஏறி இறங்குற அந்த அண்ணனை, தண்ணி வரலைன்னா திட்டுறதுக்குத்தான் நாம தேடுவோம். அவருக்குத் தெரிஞ்சதை யாரும் கேட்டதில்லை.

ஊராட்சியில தோண்டிப் பார்த்தாங்க. வெடிப்பு இருந்துச்சு. சைக்கிள் டியூப்பைச் சுத்திக் கட்டி மண்ணை மூடிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு மறுபடியும் நாத்தம் வந்துச்சு.

நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபைக்கு எங்க மூணு குழுவும் சேர்ந்து போனோம். வாயால சொல்லாம மனுவா எழுதி, பதினொரு வீட்டுப் பட்டியலையும் இணைச்சுக் கொடுத்தோம். "நிதி வந்தா பார்க்கலாம்"னு பதில் வந்துச்சு. எங்க குழு ஊக்குநர் எழுந்து, 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும்னு விதி இருக்கே, அதுல இதை எடுங்கன்னு கேட்டாங்க. கூட்டம் அமைதியாயிடுச்சு. சாக்கடைக்கு எதிர்ப்பக்கமா புதுக் குழாய் போடணும், தெருக்கடைசிக் குழாயில தண்ணி எடுத்துச் சோதிக்கணும்னு தீர்மானம் எழுதினாங்க. எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

தீர்மானம் எழுதினதோட வேலை நடந்துடல. தைப்பொங்கல் கழிஞ்சும் குழாய் வரலை. தீர்மான எண்ணைப் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுத்தோம். கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துலயும் கொடுத்தோம். ரெண்டு இடத்திலும் ரசீது வாங்கினோம். மாசியில புதுக் குழாய் போட்டாங்க.

இன்னொரு வேலை இதைவிடக் கஷ்டம். நாலு வீட்டு மோட்டாரைக் கழட்ட வேண்டியிருந்துச்சு. அதுல ஒரு வீடு எங்க குழுவைச் சேர்ந்தது. அந்த அக்கா மூணு மாசம் என்கூடப் பேசலை. கூட்டத்துக்கு வந்து, சேமிப்புப் பணத்தை வச்சுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. இப்ப பேசுறாங்க. ஊராட்சியைக் கேள்வி கேட்கிற நாம, நம்ம தெருவையும் கேட்கத்தான் வேணும்.

இப்ப எங்க குழுவுல ரெண்டு பேர் களப் பரிசோதனைப் பெட்டி வச்சுப் பார்க்கப் பயிற்சி எடுத்திருக்கோம். 2019-ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்கு இந்தப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு. கிருமி பார்க்கிற சின்னப் பாட்டில்ல தண்ணியை ஊத்தி ஒண்ணு ரெண்டு நாள் வச்சா, கெட்ட தண்ணின்னா கறுப்பாயிடும். படிக்காதவங்களுக்கும் அது புரியும். கறுப்பானா ஊராட்சியில சொல்லணும், குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துக்கும் தண்ணி அனுப்பச் சொல்லணும்.

எல்லாரும் ஞாபகம் வச்சுக்க சில விஷயம் சொல்றேன்.

தொட்டியை மாசம் ரெண்டு தடவை கழுவணும். கழுவின தேதியைத் தொட்டியிலேயே எழுதியிருக்காங்களான்னு பாருங்க. தொட்டி மூடி பூட்டியிருக்கணும். 1,000 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சுத்தான் திறந்துவிடணும். தெருவோட கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். அதனால சோதனைக்குத் தண்ணி எடுக்க வந்தா, தொட்டிக்கிட்ட மட்டும் எடுத்துட்டுப் போக விடாதீங்க. கடைசிக் குழாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.

கிருமி கொதிக்க வச்சா சாகும். ஆனா தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடித் தண்ணியில இருக்கிற புளோரைடு கொதிக்க வச்சாலும் போகாது, பிளீச்சிங் பவுடருக்கும் போகாது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதுக்காகத்தான் அங்க ஒகேனக்கல் காவிரித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வந்தாங்க. அதனால தண்ணி கெட்டுச்சுன்னா, எதனால கெட்டுச்சுன்னு எழுதின சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்க. தாளைப் பார்த்தாத்தான் என்ன வைத்தியம்னு தெரியும்.

குடிநீர் கொடுக்கிறது 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியோட கடமை. நாம கேட்கிறது சலுகை இல்லை. கேட்கிறப்ப சண்டைக்குப் போற மாதிரி போக வேண்டாம். எந்த வீடு, எந்தக் குழாய், எந்தத் தேதின்னு நோட்டோட போங்க. வட்டிக் கணக்கை ஒரு ரூபாய் தப்பாம எழுதுற கை நம்ம கை. தண்ணிக் கணக்கையும் அது எழுதும்.

அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைஞ்சது அஞ்சு பேர் வரணும்னு கேட்டுக்கிறேன். வரும்போது உங்க தெருக் கடைசிக் குழாயைப் பத்தி ஒரு தாள் எழுதிக் கொண்டு வாங்க.