கழித்துவிட்ட மூட்டை எங்கே போகிறது?



தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லி வருவது வழக்கம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்ததும், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் நஞ்சு அகப்பட்டதும், அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. நம் நாட்டில் நடந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். மாணவர்கள் அதைத் தேர்வுக்காகப் படிப்பதோடு சரி.

1974-இன் பிற்பகுதி. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கும்போது பருவம் தப்பி மழை கொட்டியது. நனைந்த கதிரைச் சரியாகக் காயவைக்க வழியில்லை. வீட்டில் சேர்த்து வைத்த சோளத்தில் பூசணம் பூத்தது. அதைத் தின்றவர்களுக்கு முதலில் காமாலை, பிறகு மளமளவென்று வயிற்றில் நீர்கோத்த வீக்கம், கடைசியில் குடலுக்குள் ரத்தப்போக்கு. 397 பேர் நோயுற்றார்கள், 106 பேர் இறந்தார்கள். நாய்களுக்கும் அதே நோய். இந்த நோயை ஆராய்பவருக்கு அதைவிடப் பெரிய தடயம் கிடைக்காது என்பேன்: வைரஸ் காமாலை வீட்டுக்காரரையும் நாயையும் ஒருசேரப் பிடிப்பதில்லை, இருவருக்கும் பொதுவானது சாப்பாடுதான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி குழுவினர் இதை 1975-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்று நம் உணவுத் தர ஆணையம் தானியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். உச்ச அளவு அதைப்போல் ஆயிரம் மடங்கு! ஆனால் அந்தக் கட்டுரையில் என்னை உறுத்துவது இந்த எண் அல்ல. நோய் மிக ஏழைகளின் வீடுகளோடு நின்றுவிட்டது என்று அவர்கள் குறித்திருப்பதுதான். கெட்டதைக் கொட்டிவிட்டு வேறு வாங்கக் கையில் காசில்லாதவர்களே அதைத் தின்றார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், கென்யாவின் கிழக்குப் பகுதியிலும் இதே கதை. 317 பேருக்கு நோய், 125 பேர் சாவு. ஈரச் சோளத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த குடும்பங்கள்தான் அங்கும் அதிகம் அடிபட்டன.

இந்தப் பூஞ்சையின் போக்கு நமக்குத் தெரியும். பூக்கும் பருவத்தில் வெயிலும் வறட்சியும் பயிரை வாட்டினால் கதிரின் பட்டுநூல் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. களத்தில் ஈரம் 14 விழுக்காட்டுக்குக் கீழே வராவிட்டால் மூட்டைக்குள்ளும் வளர்கிறது. ரொட்டி சுட்டாலும் களி கிண்டினாலும் நஞ்சு போவதில்லை. நம் ஆய்வகங்களுக்குப் பெரிய தலைவலி மாதிரி எடுப்பதில்தான். ஒரு லோடில் நஞ்சு எல்லா மணியிலும் பரவியிருப்பதில்லை. எங்கோ சில மணிகளில் குவிந்து கிடக்கும். ஒரு கை அள்ளிச் சோதித்துவிட்டு 'சுத்தம்' என்று எழுதுகிற சான்றிதழை நான் நம்புவதில்லை. இந்தக் கருவி நுட்பமா அந்தக் கருவி நுட்பமா என்று வாதாடும் நேரத்தில் பாதியை மாதிரி எடுக்கும் முறைக்குச் செலவிட்டால் தேவலை.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கோழியின் கல்லீரல் கெட்டால் முட்டை குறைகிறது, நட்டம் கணக்கில் உடனே ஏறுகிறது. ஆகவே அங்கே சோதனைக்குப் பணம் இருக்கிறது. கோழிகள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் தீவன ஆலை வாசலில் 'வேண்டாம்' என்று திருப்பிய லோடு எங்கே போகிறது? எரிக்கிறார்களா? விலை குறைத்து இன்னொருவருக்குத் தள்ளுகிறார்களா? அது வீட்டு மாட்டின் தொட்டிக்குப் போனால் நஞ்சு எம்-1 என்ற வடிவில் பாலில் இறங்கும் என்பதை நாமே பாடம் நடத்துகிறோம். ஆனால் கழித்த சரக்கின் பின்னாலேயே போய்ப் பார்த்த ஆய்வு இந்தக் கருத்தரங்குக்கு ஒன்றுகூட வரவில்லை.

நைஜீரியாவின் இபாதானில் உருவான அஃப்ளாசேஃப் பற்றி இன்று பலர் பேச இருக்கிறீர்கள். நஞ்சு சுரக்காத இனத்தை வயலில் தூவி நஞ்சினத்தை நெருக்கித் தள்ளும் முறை அது. நல்ல அறிவியல். ஒரே வேண்டுகோள்: விளைவைச் சொல்லும்போது ஏக்கருக்கு என்ன செலவு, அதை யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் சிறு மாற்றம். வீட்டுச் சேமிப்பு பற்றிய அமர்வு நாளை மாலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் பாதிப்பேர் பேருந்து நிலையத்தில் இருப்பீர்கள். அதை இப்போதே முதல் அமர்வாக வைத்திருக்கிறேன். கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.