மின்னூல்: கடை பல, கணக்கு ஒன்று

நூல் வெளியீட்டு விழா முடிந்த மறுநாள், எழுத்தாளர் வீட்டு வரவேற்பறையில் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளை நம் இலக்கிய வட்டத்தில் அறியாதவர் இல்லை. விழாவில் விற்றதுதான் விற்பனை. அதன் பிறகு தஞ்சாவூரிலிருந்தோ டொரோண்டோவிலிருந்தோ ஒரு வாசகர் அந்த நூலைக் கேட்டால், அனுப்பும் அஞ்சல் செலவே நூலின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஆகவேதான் சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் இன்று மின்னூல் பக்கம் திரும்புகிறார்கள்.

மின்னூலைக் கடையில் ஏற்றுவது இன்று கடினமான வேலை அல்ல. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டிலை அறிமுகப்படுத்தியபோது அதில் தமிழுக்கு இடமில்லை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழி நூல்களை அந்நிறுவனம் அதிகாரப்பூர்வமாக விற்கத் தொடங்கியது. கோபோ, ஆப்பிள் புக்ஸ், கூகல் பிளே புக்ஸ் ஆகியவையும் தனிமனிதர் வெளியிடும் நூல்களை ஏற்கின்றன. சிக்கல் ஏற்றுவதில் இல்லை. ஏற்றிய பிறகு பராமரிப்பதில்தான் இருக்கிறது. கன்றை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவன் காயை எதிர்பார்க்க முடியுமா?

முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரே கடையா, பல கடைகளா என்பது. அமேசானில் நூலை ஏற்றும்போது ‘கே.டி.பி. செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் அமேசானுக்கு மட்டுமே உரியது. அச்சு நூலை எங்கும் விற்கலாம். மின்வடிவத்தை வேறு கடையில் விற்கவும் கூடாது, சொந்த இணையத்தளத்தில் இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. அத்துடன், 90 நாள் முடிந்ததும் அந்த ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். வேண்டாம் என்று முன்கூட்டியே குறித்தால்தான் நிற்கும்.

ஓர் எழுத்தாளர் ஏப்ரல் முதல் நாள் இதில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் இறுதியோடு முடிந்தது என்று எண்ணி, ஜூலையில் கோபோவிலும் கூகலிலும் நூலை ஏற்றுகிறார். ஆனால் அமேசானில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கே தெரியாமல் விதியை மீறியவர் ஆகிறார். உரிமைத்தொகை நிறுத்தப்படலாம், கணக்கே முடக்கப்படவும் கூடும். ஒரு தேதியைக் குறித்து வைக்காததற்கு இவ்வளவு பெரிய விலை!

அதற்காக அந்தத் திட்டமே தீங்கானது என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமானால் இத்திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் 35 விழுக்காடுதான். தமிழ்நாட்டு வாசகர்களை நம்பி எழுதுபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாசகர் உள்ளவருக்குப் பல கடைகள் பயன் தரலாம். தம் வாசகர் எங்கே இருக்கிறார் என்பதை அறிந்து முடிவெடுப்பதே அறிவுடைமை.

பல கடைகள் என்று முடிவெடுத்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு கடையிலும் நேரடியாகக் கணக்குத் திறக்கலாம். அல்லது டிராஃப்ட் டூ டிஜிட்டல் போன்ற இடைநிலை நிறுவனத்திடம் ஒரு முறை கொடுத்தால், அது பல கடைகளுக்கு அனுப்பிவைக்கும். அதற்கு விற்பனை விலையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். எந்தக் கடை தமிழ் நூலை ஏற்கிறது என்பதை முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம். இரண்டு வழியிலும் ஒரே கடைக்குச் செல்லக் கூடாது. சென்றால் ஒரே நூல் இரண்டு முறை, சில வேளை இரண்டு விலையில், அங்கே நிற்கும்.

விலையும் கவனிக்கப்பட வேண்டியதே. அமேசானில் அமெரிக்காவில் விற்கும் பிரதிக்கு 2.99 முதல் 9.99 டாலர் வரை 70 விழுக்காடு கிடைக்கும். அதற்கு வெளியே 35 விழுக்காடுதான். 1.99 டாலருக்கு விற்றால் எழுத்தாளருக்கு 70 காசு அளவில் வரும். 2.99 டாலருக்கு விற்றால், கோப்பின் அளவுக்கேற்ற சிறு கழிவு போக, 2 டாலர் அளவில் வரும். விலையில் வேறுபாடு ஒரு டாலர், வருவாயிலோ ஏறக்குறைய மூன்று மடங்கு! ஒரு கடையில் விலையைக் குறைத்தால் இன்னொரு கடையும் தானே குறைத்துவிடக்கூடும் என்பதால், விலை எங்கும் ஒன்றாக இருப்பதே நல்லது.

வரியையும் மறந்துவிடக் கூடாது. இவ்வகை வருமானத்துக்கு வரிச்சலுகை தரும் உடன்பாடு அமெரிக்காவுடன் மலேசியாவுக்கும் இல்லை, சிங்கப்பூருக்கும் இல்லை. ஆகவே அமெரிக்க விற்பனையில் வரும் உரிமைத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படும். மீதித் தொகையும் உடனே வராது. அமேசானில் மார்ச் மாத விற்பனைக்கான பணம் மே இறுதியில்தான் வரும்.

கோப்பைப் பொறுத்தவரை, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய படைப்புகள் பலரிடம் உள்ளன. அவற்றை அப்படியே ஏற்றினால் வாசகர் திரையில் தமிழ் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை முழுமையாகப் படித்துப் பார்த்து, இபப் வடிவில் ஏற்ற வேண்டும். பின்னர் ஒரு பிழையைத் திருத்தினால் எல்லாக் கடைகளிலும் புதிய கோப்பை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கடையில் திருத்திய பதிப்பும் மற்றொரு கடையில் பிழையுள்ள பதிப்பும் விற்கும்.

இத்தனையும் மனத்தில் வைத்திருக்க எவராலும் இயலாது. அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் போதும். இருபது சென் நோட்டு வாங்கிய காலம் போய்விட்டாலும், ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே இதற்குத் தாராளம். கடையின் பெயர், நேரடியா இடைநிலை நிறுவனமா, ஏற்றிய தேதி, விலை, கோப்பின் பதிப்பு எண், மின்னூலுக்கான ஐ.எஸ்.பி.என்., ஒப்பந்தம் முடியும் நாள், வந்த பணம் ஆகியவற்றை நூலுக்கு ஒரு பக்கமாக எழுதி, மாதம் ஒரு முறை பார்த்தால் போதுமானது. அச்சு நூலின் எண்ணையே மின்னூலுக்கும் போட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் பயன் எழுத்தாளரின் காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. பதிப்புரிமை மலேசியாவில் எழுத்தாளர் மறைந்த பின் 50 ஆண்டுகளுக்கும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. உரிமை பிள்ளைகளுக்குச் சேரும். ஆனால் எந்தக் கடையில் என்ன நூல் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறக்கப்பட்டது, எந்த வங்கிக்குப் பணம் போகிறது என்பது தெரியாவிட்டால், அவர்கள் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? பெட்டியில் மீந்த நூலையாவது பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். மின்னூல் கண்ணில் படாது.

ஆகவே, மின்னூல் வெளியிட்ட ஒவ்வோர் எழுத்தாளரும் இந்த வார இறுதியிலேயே அந்தக் கணக்கை எழுதத் தொடங்கலாம். எழுதி முடித்ததும், அது இருக்கும் இடத்தை வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி வைக்கட்டும்.