கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்: மாகியருக்கு அறிவாளர் என்ற பெயர் வந்த வழி

குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்த செய்தி, நற்செய்தி நூல்கள் நான்கில் மத்தேயுவில் மட்டுமே உண்டு. அதுவும் இரண்டாம் அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்களுக்குள் முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று மத்தேயு சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் குடில்களில் தவறாமல் நிற்கும் ஒட்டகமும் அங்கே இல்லை. அவர்கள் மாகியர், கிழக்குத் திசையார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தக் காலத்து வாசகருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மாகியர் யார், எதற்குப் பேர்போனவர்கள் என்பது மத்தியதரைக் கடலோர நாடுகள் எங்கும் தெரிந்த சங்கதி.

பழைய ஈரானிய இனத்தாரான மேதியரின் ஆறு குலங்களில் மாகியர் குலமும் ஒன்று என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதினார். மாகியர் ஒருவர் அருகில் நின்று ஓதாமல் பாரசீகர் பலி செலுத்துவதில்லை என்றும், மேதிய அரசர் அஸ்தியாகஸ் தம் மகளைப் பற்றிக் கண்ட கனவுகளுக்குப் பலன் சொன்னவர்கள் மாகியரே என்றும் அவர் குறிக்கிறார். வழிபாடும் கனவுப் பலனும் கையில் இருந்தால் அரண்மனையும் எட்டாத தூரமில்லை. பெகிஸ்தூன் பாறையில் பாரசீக மன்னர் முதலாம் தாரியஸ் வெட்டுவித்த கல்வெட்டு, தமக்கு முன் அரியணையைப் பிடித்துக்கொண்ட கௌமாதா என்பவனை மாகியன் என்று அடையாளம் காட்டுகிறது. கி.மு. 522இல் அவனைக் கொன்றுதான் தாரியஸ் ஆட்சிக்கு வந்தார். கல்வெட்டு வென்றவர் தரப்புக் கதை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் மாகியர் ஒருவர் மன்னராக முயன்றார் என்று நாடறியச் சொல்ல முடிந்தது என்பதே அவர்கள் செல்வாக்குக்குச் சான்று.

அந்தச் செல்வாக்கு தாரியஸுக்குப் பிறகும் தேயவில்லை. மாகியரின் கல்வியைக் கற்காத எவரும் பாரசீகருக்கு அரசராக முடியாது என்கிறார் ரோமானியர் சிசரோ. பின்னர் ஈரானை ஆண்ட பார்த்தியப் பேரரசின் ஆலோசனை அவையில் அரச உறவினர் ஒரு பிரிவாகவும், ஞானியரும் மாகியரும் மற்றொரு பிரிவாகவும் இருந்தனர், அரசரை அமர்த்தியது இந்த இரு பிரிவுகளிலிருந்தே என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ பதிவு செய்கிறார். எனவே ஞானி என்ற பெயர் அவர்களுக்கு முதலில் பதவியோடு ஒட்டி வந்தது. தனி மனிதரின் விவேகத்தைப் பார்த்து யாரும் அதைத் தரவில்லை.

வானத்தைப் பார்த்துக் காலம் கணிக்கும் புகழ் இந்தப் பெயரோடு சேர்ந்தது பாபிலோனின் வழியாக. பாரசீகப் பூசகரையும் பாபிலோனியக் கல்தேயரையும் கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் பல இடங்களில் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் புகழுக்கு அடித்தளம் உண்மையான உழைப்பு. பாபிலோனின் கோயில் எழுத்தர்கள் இரவு தோறும் வானத்தைப் பார்த்துக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் குறிப்பு எழுதினர். நிலா எந்த விண்மீனுக்கு அருகில் நின்றது, எந்தக் கோள் சூரிய ஒளியில் மறைந்தது, எது விடியற்காலையில் மீண்டும் தலைகாட்டியது, மேகம் மறைத்ததா என்பதெல்லாம் அதில் உண்டு. அதே பலகையில் யூப்ரடீஸ் ஆற்றின் நீர்மட்டமும், சந்தையில் பார்லி, பேரீச்சை, எள், கம்பளி விற்ற விலையும் இருக்கின்றன. இன்று கிடைப்பவற்றில் பழையது கி.மு. 652ஐச் சேர்ந்தது, கடைசியானது கி.மு. 61. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக ஒரே வேலை. உலக வரலாற்றில் இதற்கு இணையான பதிவு அரிது.

இந்தக் குறிப்புகளிலிருந்து, வெள்ளி 8 ஆண்டுகளிலும் சனி 59 ஆண்டுகளிலும் வியாழன் 71 ஆண்டுகளிலும் தங்கள் பழைய போக்குக்குத் திரும்புவதை அவர்கள் கண்டுகொண்டனர். வரும் ஆண்டின் கோள்நிலையை எழுத, உரிய பழைய ஆண்டுகளின் பலகைகளை எடுத்துப் பார்த்தால் போதும். கி.மு. 7இல் வியாழனும் சனியும் மீன ராசியில் மூன்று முறை நெருங்கின. அவ்வாண்டுக் கோள்நிலைகளை முன்கூட்டிக் கணித்த பாபிலோனியப் பலகை இன்றும் இருக்கிறது. 1603இல் இதே இரு கோள்களும் கூடியதையும், மறு ஆண்டு அவற்றின் அருகே புதிய விண்மீன் ஒன்று ஒளிர்ந்ததையும் கண்ட வானியலாளர் கெப்ளர், பின்னோக்கிக் கணக்கிட்டு அந்தப் பழைய கூட்டத்தைப் மத்தேயு சொல்லும் பெத்லகேம் விண்மீனோடு தொடர்புபடுத்தினார். கருத்து கவர்ச்சியானது, நிறுவப்பட்டதாகக் கொள்ள முடியாது. பாபிலோனியப் பலகையில் மன்னர் பிறப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. மத்தேயுவின் கதையில் வருவதுபோல் எருசலேமிலிருந்து தெற்கே சென்று ஒரு வீட்டின் மேல் நிற்பது எந்த விண்மீனுக்கும் இயல்பன்று என்று 4ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் எடுத்துக்காட்டிவிட்டார்.

யூதரிடையே இந்தத் தொழிலுக்கு மதிப்பும் அருவருப்பும் கலந்தே இருந்தன. தானியேல் நூலில் பாபிலோன் மன்னரின் கனவை அரண்மனை ஞானிகளால் சொல்ல முடியவில்லை. தானியேல் சொல்கிறார், பிறகு அவரே அவர்களுக்குத் தலைவராகிறார். எண்ணாகமத்தின் பிலேயாம் கிழக்கிலிருந்து கூலிக்கு அழைக்கப்பட்ட அந்நியக் குறிசொல்லி. யாக்கோபிலிருந்து விண்மீன் எழும் என்ற வாக்கு அவன் வாயிலிருந்துதான் வருகிறது. புதிய ஏற்பாட்டிலேயே, சைப்ரஸ் தீவின் பாபோவில் பவுல் கண்டித்த பர்யேசுவும் மாகியன் என்றே அழைக்கப்படுகிறான். அங்கே அந்தப் பெயருக்கு மந்திரவாதி என்று பொருள். அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் பிலோ இந்த முரணை நேரடியாகவே சொன்னார்: பாரசீக மன்னர்களும் கற்கும் மெய்யறிவு ஒன்று, தெருவில் ஏமாற்றிப் பிழைப்போரின் வித்தை மற்றொன்று. மத்தேயு தம் விருந்தினரை முதல் வகையில் வைக்கிறார்.

அதற்கு அவர் புகழுரை எதையும் பயன்படுத்தவில்லை. அவர்கள் செய்ததைச் சொல்கிறார். விண்மீன் எழுவதைக் கண்டு அரசர் பிறந்ததை அறிகிறார்கள். அது தோன்றிய காலத்தை யூதேய அரசர் ஏரோதுக்குச் சொல்ல அவர்களால் முடிகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது ஆணையிட்டது அந்தக் கணக்கை வைத்துத்தான். அரசருக்கு உரிய முறையில் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொண்டுவருகிறார்கள். பின்னவை இரண்டும் தென் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலும் மரப்பட்டையைக் கீறி எடுத்த விலையுயர்ந்த பிசின்கள். கடைசியில் கனவில் வந்த எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு வேறு வழியாக ஊர் திரும்புகிறார்கள். விண்மீன், கனவு, அரசரை ஏற்றல் மூன்றும் மாகியரின் தொழிலுக்குள் அடங்குபவை.

ஏரோது கலங்கியதற்கும் காரணம் உண்டு. கி.மு. 40இல் பார்த்தியர் யூதேயாவுக்குள் புகுந்து அந்திகோனஸை அரியணையில் வைத்தனர். தப்பி ரோமுக்கு ஓடிய ஏரோதுக்கு யூதரின் அரசர் என்ற பட்டத்தை ரோமானிய ஆட்சி மன்றம் கொடுத்தது. எருசலேமை அவர் பிடித்தது கி.மு. 37இல். அரசரை அமர்த்தும் உரிமையுள்ள கிழக்கத்தியப் பெரியவர்கள் வந்து, அதே பட்டத்துடன் பிறந்திருப்பவர் எங்கே என்று விசாரித்தால் அவருக்குத் தூக்கம் வராது. இத்தகைய பயணம் நடக்கக்கூடியதே என்பதற்கு வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. கி.பி. 66இல் ஆர்மீனியாவின் திரிதாத்தேஸ் மாகியர் சூழ ரோமுக்குச் சென்று நீரோவைப் பணிந்தார். மத்தேயுவின் ஞானிகளைப் போலவே, வந்த வழியே அவர் திரும்பவில்லை.

மாகியரின் கல்வி அவர்களை எருசலேம் வரையே கொண்டுவந்தது. அங்கே ஊர் தெரியாமல் விசாரிக்க வேண்டியதாயிற்று. மீகா நூலைக் காட்டிப் பெத்லகேம் என்று சொன்னவர்கள் தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும். ஆனால் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தொலைவை அவர்களில் எவரும் கடந்ததாகக் கதையில் இல்லை. அந்நிய ஞானிகளை மத்தேயு உயர்த்திக் காட்டுவது இந்த இடத்தில்தான்.

பிற்காலத் திருச்சபைக்குச் சோதிடர் என்ற அடையாளம் சங்கடமாயிற்று. அவர்கள் ஏறக்குறைய அரசர்களே என்று இலத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். அரசர்கள் காணிக்கை கொண்டுவரும் 72ஆம் சங்கீதம் அதற்குத் துணை நின்றது. காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவர் ஆயினர். சிரியக் கிறிஸ்தவ மரபில் பன்னிருவர் என்ற கணக்கும் உண்டு. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் அதற்கும் பின்னால் வந்தவை. ஓவியர்கள் மட்டும் நெடுங்காலம் பழசை விடவில்லை: ராவென்னாவின் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் அவர்கள் கால்சட்டையும் கூம்புத் தொப்பியும் அணிந்த பாரசீகர்களாகவே நடக்கிறார்கள். 1164இல் அவர்களுடையவை எனப்பட்ட எலும்புகள் மிலானிலிருந்து கொலோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவை மூன்று அரசர்களின் திருப்பண்டங்களாகவே வரவேற்கப்பட்டன. தமிழ்க் கத்தோலிக்கரும் ஜனவரி 6ஐ மூன்று ராஜாக்கள் திருநாள் என்றே வழங்கி வந்தனர். எண்ணும் பெயரும் மகுடமும் மத்தேயுவில் இல்லாதவை; மாகியர் என்ற அடையாளம் ஒன்றே அவர் தந்தது.