ஒன்பது நிமிஷப் படம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். அதைப் பற்றிப் பேசச் சொல்லித் தலைவி அக்கா கூப்பிட்டாங்க. "கஷ்டத்தையும் சொல்லு, சந்தோஷத்தையும் சொல்லு"ன்னாங்க. இரண்டையும் சொல்கிறேன்.

ஏன் எடுத்தோம்? வங்கிக் கடன் வருது. கையெழுத்து நம்மது. பணம் போறது வேற கைக்கு. தவணை நாள் வந்தா வாசல்ல நிக்கிறது நாம. இது நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா கூட்டத்துல யாரும் வாய் திறக்க மாட்டோம். தீர்மான நோட்டில் ஏறாத விஷயத்தைப் படமாவது சொல்லட்டும் என்று நினைத்தோம்.

"கேமரா எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று நிறைய பேர் கேட்டாங்க. நமக்கு முன்னாடியே நம்மைப் போன்ற பெண்கள் செய்திருக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா என்கிற பெண் தொழிலாளர் சங்கம் 1984-லேயே தன் உறுப்பினர்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம், தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு விதையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் கேமராக் கோணத்துக்குத் தாங்களே பேர் வைத்தார்கள். மேலே இருந்து பார்க்கிறது, கீழே இருந்து அண்ணாந்து பார்க்கிறது, இதற்கெல்லாம் பண்ணையாரையும் அடிமையையும் வைத்துப் பேர். கண்ணுக்கு நேர் கண் வைத்து எடுத்தால் அதற்குப் பேர் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லாரும் சமம் இல்லையா, அதனால். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே எங்களுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

இப்போ காசு. ஆளுக்கு ஆயிரம், வாரம் நூறு வீதம் பத்து வாரம், மொத்தம் 5,000 ரூபாய். காலர் மைக் 950, ஸ்டாண்ட் 600, மெமரி கார்டு 550. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 1,400. கடைசியில் படம் போட்டுக் காட்ட புரொஜெக்டர் வாடகை 1,500. போன், எங்க ஊக்குநர் அக்கா மகனோடது. குழுப் பணத்தில் ஒரு ரூபாயைத் தொடவில்லை. கணக்கு நோட்டு இங்கேயே இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

எட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். படம் எடுக்கிறதுன்னா காட்சியைப் பிடிக்கிறதுன்னு நினைச்சோம். உண்மையில் சத்தத்தைப் பிடிக்கிறதுதான் பெரிய பாடு. பக்கத்து வீட்டு மிக்ஸி, கோயில் ஸ்பீக்கர், நடுவில் ஒரு சேவல். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து எல்லாரும் பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி தெரிந்தோம். காலை எட்டரைக்குள்ளயும் சாயங்காலம் நாலரைக்கு மேலயும்தான் எடுக்கணும்னு மூணாவது வாரம்தான் புரிஞ்சது. அந்த நேரத்துலதான் வீட்டுல நமக்கு வேலையும் இருக்கும்! ஒரு காட்சி பாதி எடுத்தோம், மீதி அடுத்த ஞாயிறு. அந்த அக்கா வேற புடவையில் வந்துட்டாங்க. கதவைத் திறக்கும்போது பச்சைப் புடவை, உள்ளே நுழைந்தால் ஊதாப் புடவை. திரும்ப முதலில் இருந்து எடுத்தோம். வீட்டுக்காரர்கள் கிண்டலும் உண்டு. "நடிகை வந்தாச்சு, சோறு எங்கே?"ன்னு ஒருத்தர் கேட்டார். சோறு போட்டுட்டு மறுபடியும் போனோம்.

இதெல்லாம் சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம் வேற.

எங்க ஊர்ல ஒரு அக்கா. தவணை கட்டத் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டு, முந்தானையால் மூடிக்கிட்டே ஒரு வருஷம் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. அதைக் கேமரா முன்னால், கயிற்றை எடுத்துக் காட்டிச் சொன்னாங்க. யாரும் அழச் சொல்லவில்லை, அவங்களும் அழவில்லை. சாதாரணமாச் சொன்னாங்க. மொத்தப் படத்திலும் அதுதான் உயிர். எடுத்தது 47 நிமிஷம், வெட்டி ஒட்டி ஒன்பது நிமிஷமாக்கினோம். அதில் இரண்டு நிமிஷம் அவங்க முகம்தான்.

படம் முடிந்து மூணாவது நாள், ராத்திரி எட்டு மணிக்கு அவங்க என் வீட்டுக்கு வந்தாங்க. உள்ளே வரவில்லை. வாசல்லயே நின்னு, "பாப்பாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க கண்ணு. என் முகம் அதுல வேண்டாம்"னாங்க.

ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு என்ன, சண்டைதான். "அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, பேப்பர் இருக்கு"ன்னு ஒருத்தர். "அது இல்லேன்னா படமே இல்லை"ன்னு சொன்னது நான்தான். இந்த மேடையில மறைக்க விரும்பல. அப்போது எங்களில் வயசில் சின்னவள் ஒன்று கேட்டாள்: "கையெழுத்துப் போட்டுட்டே, இனி நீதான் பொறுப்புன்னு சொல்றது தப்புன்னுதானே படம் எடுக்கிறோம்? இப்ப நாமளும் அதையேதானே சொல்றோம்?"

அதுக்கு மேல யாரும் பேசவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தையும் எடுத்துட்டோம். போனில் இருந்தும் கார்டில் இருந்தும் அவங்க எதிரிலேயே அழித்தோம்.

படத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. அதை எதால் அடைக்கிறது? ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் எங்க கைகளையே எடுத்தோம். முகம் இல்லை; மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போடுகிற கை, அடகுச் சீட்டை மடிக்கிற கை. மேலே எங்க குரல். பேச ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, எங்க ஐந்து பேரில் மூணு பேர் அதே மாதிரி அடகு வைத்தவர்கள் என்று. நானும் ஒருத்தி. ஏழு வருஷமா ஒண்ணா உட்கார்ந்து சேமிப்புக் கட்டினவங்க, அன்னைக்குத்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். அடுத்தவங்க முகத்தைக் காட்ட முடியாமப் போனதாலதான் எங்க வாய் திறந்தது.

படத்தை முதலில் அந்த அக்காவுக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். பார்த்துட்டு, "இப்ப எல்லாருக்கும் போடுங்க"ன்னாங்க. அப்புறம்தான் கட்டடச் சுவரில் வேட்டி கட்டி ஊருக்குப் போட்டோம். முதல் நிமிஷம் ஒரே சிரிப்பு, "ஏய் அது நம்ம செல்வி வீட்டு ஆடு"ன்னு. கைகள் வந்தபோது சத்தம் அடங்கிவிட்டது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா, "நானும்தான்"னு மட்டும் சொன்னாங்க.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். கடன் மனுவில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், "இந்தப் பணம் எதுக்கு, யார் கைக்குப் போகுது, யார் கட்டுவாங்க?" என்று அந்த உறுப்பினரிடமே, எல்லார் எதிரிலும் கேட்க வேண்டும். இரண்டு பேர் அப்படிக் கேட்டதும் மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஒருத்தர் வாங்கி மாடு பிடித்தார், அவர் பேரிலேயே.

படத்தை இரண்டு போட்டிகளுக்கு அனுப்பினோம். ஒன்றில் தேறவில்லை, இன்னொன்றில் பதிலே இல்லை. வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா யாருக்காக எடுத்தோமோ அவங்க பார்த்துட்டாங்க.

படம் எடுக்க நினைக்கிற தங்கச்சிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். நல்ல போன் இல்லையேன்னு காத்திருக்காதீங்க. மைக்குக்கு முதலில் காசு போடுங்க. காலை வெளிச்சத்தில் எடுங்க. அடுத்தவங்க முகத்தைக் கடன் வாங்கினதா நினைச்சுக்கோங்க. திருப்பிக் கேட்டா அன்னைக்கே கொடுத்துடணும். கடனைத் திருப்புறதுல நம்ம குழுக்களுக்கு இருக்கிற பேரு உங்களுக்கே தெரியும்.

அந்த அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுது. கொடியும் மீட்டாச்சு. இதைச் சொல்லலாமான்னு அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.